நெஞ்சு உயரத்தில் ஒரு பை

காலியாக இருக்கும்போதே ஒன்றேகால் கிலோ இருக்கிற பையை விற்பவர்களைப் பிடித்து உள்ளே வைக்க ஒரு சட்டம் வர வேண்டும். திருப்பதியில் கண்ணாடிக் கதவு போட்ட சைக்கிள் கடை ஒன்றில் அப்படிப்பட்ட பையைத்தான் என் கையில் கொடுத்தார்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற வெளிநாட்டுப் பை. அதில் ஒரு வார், வாரைப் பிடிக்க ஒரு கொக்கி, கொக்கி கழன்றுவிடாமல் இருக்க இன்னொரு வார். விரலில் மாட்டித் தூக்கினேன்.

"ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம்" என்றேன்.

கடைப்பெண் அட்டையைத் திருப்பிப் படித்தாள். "ஆயிரத்து இருநூற்று ஐம்பது சார்."

"மிச்சம் பத்து கிராம் அந்த அட்டை, தாயி."

ரேணிகுண்டா ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் மூட்டை நிறுத்தவன் நான். அத்தனை மூட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் ஏழுமலைக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு மலை நின்றிருக்கும். அதற்கும் ஜனங்கள் படி கட்டியிருப்பார்கள். ஒரு பெட்டியைத் தூக்கினால் எடை மட்டுமல்ல, உள்ளே இருப்பது பட்டுப் புடவையா பாத்திரமா, அனுப்புகிறவருக்கு மாமியாரோடு சண்டையா சமாதானமா என்பதுவரை சொல்லிவிடுவேன். இதெல்லாம் அளப்பு என்று சாரங்கபாணி சொல்வார். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் அளப்பேன்.

சாரங்கபாணிக்கு அந்த ஆபீசில் எனக்கு எதிர்மேஜை. ஐயங்கார். கோவிந்தராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. "இன்னிக்கு ஆயிரம் மூட்டை வந்துச்சு சாமி" என்று நான் உள்ளே நுழைந்தால், எழுதுகிற நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "முப்பத்தாறு" என்பார். "பாம்பு பனைமர நீளம் சாமி" என்றால் "குடைக்கம்பு நீளம்" என்பார். முப்பத்தொரு வருஷம் என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நிறுத்து, சரியான எடை போட்டவர் அவர் ஒருவர்தான்.

நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்த்து வருவது என்று ஆபீசில் இருந்தபோதே முடிவு செய்திருந்தோம். சித்தூரில் என் வீட்டிலிருந்து கிளம்பித் திருப்பதியில் அவரைச் சேர்த்துக்கொண்டு, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக ஏரி. போக வர ஆறு நாள். ரிடையர் ஆனதும் போகலாம் என்றோம். ரிடையர் ஆகி ஏழு வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தை மாதம் கட்டாயம் என்று ஐப்பசியிலேயே நான் போனில் தேதி குறித்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சித்தூர் மிட்டூரில் இரண்டு அறை வீடு. ஒன்றில் நான் தூங்குகிறேன், இன்னொன்றில் சைக்கிள் தூங்குகிறது. போன வருஷம் ஒரு நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பெயர் கேட்டார். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. இரண்டு தடவை இருமி, தண்ணீர் குடித்துவிட்டு "ஜெகநாதன்" என்றேன். நாலு நாளாக ஒருவரோடும் ஒரு சொல் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால் பூநாரை இருந்தாலும் சரி, ரஷ்யாவுக்கே திரும்பிப் போயிருந்தாலும் சரி, எனக்குக் கவலையில்லை. ஆறு நாள் பக்கத்தில் ஓர் ஆள் மிதித்துக்கொண்டு வர வேண்டும். நான் "லட்சம்" என்றால் "எழுபது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அவருக்கு முதல் பிரச்சினை எடை.

"அஞ்சு கிலோவுக்கு மேல என்னால இழுக்க முடியாது ஓய். நீர் சொல்ற பையே ஜோடி ரெண்டரை கிலோ. அப்புறம் வேஷ்டியை நான் வாயில கவ்விண்டா ஓட்டறது?"

"பையை நான் பாத்துக்கறேன் சாமி" என்று மோனிகாவிடம் ஓடினேன்.

மோனிகா நகரியிலிருந்து கல்யாணமாகி சித்தூருக்கு வந்தவள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் ஸ்கூல் பை, மழைக்கோட்டு, வண்டி சீட்டுக்கு உறை எல்லாம் தைக்கிறாள். தைப்பதைவிடப் பேசுவது வேகம்.

"பாராசூட் துணியில தைக்கலாம் தாத்தா. இன்னாத்துக்கு இம்மாம் பெருசு?"

"ரெண்டு பேர் சைக்கிள்ல ஏரிக்குப் போறோம்."

"கூட யாரு, ஆயாவா?"

"ஆயா ஒருத்தி இருந்தா நான் எதுக்கு ஏரிக்கு ஓடிக்கினு இருக்கப் போறேன்?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் துணியை வெட்டிவிட்டாள். ஜிப் வேண்டாம் என்றேன்; ஒரு ஜிப் முப்பது கிராம். வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம். உள்ளே அறை வேண்டாம், வெளியே பாக்கெட் வேண்டாம், இரும்பு வளையத்துக்குப் பதில் கயிற்று முடிச்சு போதும். நூலைக்கூடக் கொஞ்சம் குறைக்கச் சொன்னபோது அவள் மிஷினை நிறுத்தினாள்.

"நான் பை தைக்கிறேனா, காத்துக்குச் சட்டை தைக்கிறேனா தாத்தா?"

முடித்தபின் கொக்கித் தராசில் மாட்டினோம். ஒரு பை இருநூற்றுப் பத்து கிராம். மொத்தம் நாலு பை: எனக்கு இரண்டு, அவருக்கு இரண்டு. கையில் வாங்கியபோது வெயில் பட்டால் கரைந்துவிடும் போல இருந்தது. அன்று சாயங்காலம் போனில் அவரிடம், மேலே தூக்கிப் போட்டால் கீழே வர அரை மணி நேரம் ஆகிறது என்றேன்.

"அரை விநாடி" என்றார். பிறகு, "பை சரி. நான் வெளியில சாப்பிட மாட்டேனே ஓய்" என்றார்.

இரண்டாவது பிரச்சினை. அதற்கும் வழி இருந்தது. அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் என் பையில். அதற்கு ஈடாகக் காற்றடிக்கும் பம்பு, ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், கயிறு, மருந்துப்பெட்டி அவர் பையில். இரண்டு பேர் போவதில் இருக்கிற சௌகரியமே இதுதான். இரண்டு சைக்கிளுக்கு ஒரு பம்பு போதும். இரண்டு வயிற்றுக்கு ஓர் அடுப்பு போதும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஆளுக்கு நாலே முக்கால் கிலோ வந்தது. அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரோ எழுதிய நல்ல கடிதத்தைப் போல நாலைந்து தடவை எடுத்துப் படித்தேன்.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது பிரச்சினை வந்தது.

"ஆத்துல பெருமாள் இருக்காரே ஓய். சாளக்கிராமம். தினம் தீர்த்தமாட்டித் திருவாராதனம் பண்ணியாகணும். பிள்ளை ராம்ப்ரசாத் பெங்களூர்ல இருக்கான். ஆறு நாள் யார் பண்ணுவா?"

"பெருமாளையும் கூட்டிக்கினு வா சாமி."

"கூட்டிண்டு வர்றதுக்கு அவர் என்ன உம்ம மச்சினனா? எழுந்தருளப் பண்ணிண்டு வரணும்."

"சரி, எழுந்தருளப் பண்ணிக்கினு வா. பையில இடம் பண்றேன்."

"எங்கே? சக்கரத்துப் பக்கத்துலயா? என் கால் சுத்தற உயரத்துலயா? சொல்றதுக்கே வாய் கூசலை உமக்கு?"

நியாயம்தான். அப்போது என்னுள் இருந்த பார்சல் ஆபீஸ்காரன், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தான்.

"சரி சாமி, முன்னாடி பை போடறேன். பெருமாள் எத்தினி கிலோ? பெட்டியோட ஒருவாட்டி தராசுல வெச்சுச் சொல்லேன்."

மறுமுனையில் குரல் இறங்கியது:

"பெருமாளை நிறுக்கச் சொல்றீரா?"

போனை வைத்துவிட்டார். ரயிலில் போகிற எதற்கும் ஓர் எடை உண்டு என்று முப்பத்தொரு வருஷம் நம்பியவனுக்கு, பெருமாளை நிறுக்கக் கூடாது என்ற புத்தி வரவில்லை. இரண்டு நாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் ஃபேன் சத்தம் விமானச் சத்தம் போலக் கேட்டது. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, ஒன்றும் நடக்காதது போல விதிகளைச் சொன்னார்: புதுத் துணி, தோல் எங்கேயும் படக் கூடாது, உள்ளே பெருமாளைத் தவிர ஒரு துரும்பு இருக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே வரக் கூடாது, நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும்.

மோனிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தலைக்குக் குளிச்சிட்டுத் தைக்கணுமா தாத்தா?"

"குளிச்சிட்டுத்தான்."

"மிஷினுக்கும் நாமம் போட்டுடவா?"

கிண்டல் செய்தாளே தவிர, சனிக்கிழமை காலையில் ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, கடையில் வேறு எந்த வேலையும் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் தைத்தாள். மயில்கழுத்து நீலம். ஹேண்டில்பாரிலிருந்து மேலே எழும்புகிற மாதிரி இரண்டு மூங்கில் குச்சி கொடுத்து, ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு நேராக நிற்கும்படி செய்தாள்.

"சாமி எத்தினி வெயிட்டு? பட்டை அதுக்குத் தக்கன போடணுமே."

"அதைக் கேக்கக் கூடாது."

"கேக்காம எப்பிடி தாத்தா?"

யோசித்து, ஒரு தேங்காயைப் பழைய சட்டைத்துணியில் சுற்றி, அந்தப் பழைய துணி பையில் படாமல் பாலிதீனிலும் சுற்றி உள்ளே வைத்தோம். பன்னிரண்டு நாள் காலையில் அந்தத் தேங்காயை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு குடிபாலா வரை போய்த் திரும்பினேன். குடிபாலாவில் ஓர் அம்மா கைகாட்டி நிறுத்தி, காய் என்ன விலை என்று கேட்டாள். வேகத்தடை, பள்ளம், நாய் எதற்கும் தேங்காய் அசையவில்லை. பிறகு பையைத் துவைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மடித்து வைத்தேன்.

"எல்லாம் முடிஞ்சிது சாமி. இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலம் உன் வீட்டுல இருக்கேன். மறுநாள் காலைல கிளம்பறோம். பூநாரை பத்து லட்சம் வந்திருக்குதாம்."

எண்ணிக்கையைக் குறைப்பார் என்று காத்திருந்தேன்.

"சரி. வாரும்" என்றார்.

அந்த 'சரி'யைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் நான் பார்க்கவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். பாகாலா ஏற்றத்தில் இரண்டு லாரிகளை முந்தினேன். அவை நின்றுகொண்டிருந்தன என்பது வேறு விஷயம். நாலு மணிக்கு அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது என் கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. ஆனால் வாய் என்னுடையதாகவே இருந்தது. உள்ளே போனதும் கூடத்தில் பைகளைப் பரப்பினேன். நீலப் பையை மட்டும் தனியாக ஒரு மரப்பலகையின் மேல் வைத்தேன்.

சாரங்கபாணி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். இளைத்திருந்தார்.

"யார் தைச்சா?"

"ஒரு பொண்ணு. குளிச்சிட்டுத்தான் தைச்சிது."

"அழகா இருக்கு" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் அழகு என்று சொன்னதில்லை. நான் பூரித்துப் போய் எழுந்தேன்.

"மாட்டிப் பாத்துடலாம் வா. சைக்கிள் எங்க சாமி? கொல்லையிலயா?"

அவர் மனைவி வேங்கடலக்ஷ்மி காபியோடு வந்தவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"சைக்கிளா? அதை ஆவணியிலேயே கோயில் மடப்பள்ளி ஆதிகேசவனுக்குக் கொடுத்தாச்சே. இவர் சொல்லலையா உங்களுக்கு?"

டம்ளரை வைத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார். தெருவில் யாரோ குக்கர் மூடி சரிசெய்கிறோம் என்று ஒலிபெருக்கியில் தெலுங்கில் கூவிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பியதும் சாரங்கபாணி சொன்னார்.

"கபிலதீர்த்தம் பக்கம் விழுந்துட்டேன் ஓய். காதுக்குள்ள ஏதோ கோளாறாம். திடீர்னு பூமி ஒரு பக்கமா சாயறது. நடக்கும்போது சுவரைப் பிடிச்சுக்கலாம். சைக்கிள்ல எதைப் பிடிக்கறது? டாக்டர் இனிமே தொடவே கூடாதுன்னுட்டார்."

"எத்தினி தடவை விழுந்தே? நூறு?"

"ரெண்டு."

"ஆவணியில விழுந்தே. நான் தேதி குறிச்சது ஐப்பசி."

"நீர் போன்ல பேசின குரலைக் கேட்டேனே. அதுக்கு மேல எனக்கு எப்படிச் சொல்ல வரும்? எடை ஜாஸ்தின்னு சொன்னா விட்டுடுவீர்னு பார்த்தேன். காத்தையே பையாத் தைச்சீர். சாப்பாடுன்னேன், அடுப்பைத் தூக்கிண்டீர். கடைசியில..." அவர் பூஜை அறையின் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "கடைசியில பெருமாளைச் சாக்குச் சொன்னேன். அவரை நிறுக்கச் சொன்னீர்னு உம்மேல கோவிச்சிண்டேன். நான் பண்ணினது அதைவிட மோசம்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பெரிதாக ஒன்று, மலை அளவு ஒன்று.

"காபி ஆறுது சாமி" என்றேன்.

மறுநாள் காலை கூடத்திலேயே மூட்டையைப் பிரித்து மறுபடி கட்டினோம். அவர் பையில் இருந்ததை அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்: பம்பு, ஸ்பேனர், பஞ்சர் சாமான், கயிறு, மருந்துப்பெட்டி. நான் வாங்கி என் பையில் வைத்தேன். அவருடைய அரிசியை எடுத்துவிட்டோம். ஆனால் ஒண்டியாகப் போகிறவன் பம்பைப் பாதியாக வெட்டி எடுத்துப்போக முடியாது. அடுப்பும் அப்படித்தான். தராசில் மாட்டியபோது ஏழு கிலோ காட்டியது.

"போகத்தான் வேணுமா?" என்றார்.

"சித்தூர்ல ஊர் முழுக்கச் சொல்லிட்டேனே. கலெக்டருக்கு மட்டும்தான் சொல்லலை."

"நாலு பேருக்குச் சொல்லியிருப்பீர்."

"ரெண்டு" என்றேன். மோனிகாவும் பால்காரரும். முதல் தடவையாக நானே சரியான எண்ணைச் சொன்னதில் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீலப் பையை நான் மடிக்கப் போனபோது கையை நீட்டினார். "அது இங்கேயே இருக்கட்டும் ஓய்." கொடுத்தேன். தெருமுனை வரை, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். நான் ஏறி மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பின்பாரத்தோடு திரும்பினால் வண்டி சாயும்.

ரேணிகுண்டா தாண்டும்போது பார்சல் ஆபீஸ் இருக்கும் பக்கம் பார்த்து, "ஆயிரம் மூட்டை" என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு நாய் நின்று பார்த்தது.

ஏர்ப்பேடுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடி டீக்கடையில் இறங்கினேன். கடைக்காரர் பெயர் ரங்கையா. கல்லாவுக்கு மேலே எழுதியிருந்தது. என் வண்டியையும் பைகளையும் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒக்கரேனா சார்? ஒண்டியாவா வந்துக்கினு கீறீங்க இந்த வயசுல?"

"இல்ல இல்ல. ரெண்டு பேரு" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. "அவரு பின்னாடி வராரு."

"அட. எம்மாம் தூரத்துல?"

"பக்கம்தான். வண்டியில பெருமாளை வெச்சிக்கினு வராரு. அதான் மெதுவா."

ரங்கையா இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏரியில் பத்து லட்சம் பூநாரை இறங்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் என் உயரம் என்றேன். "அவுனா!" என்று அப்படியே நம்பினார். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

குடித்துவிட்டு எழுந்தேன். "இன்னா சார், அதுக்குள்ள? அவரு வரட்டும். சாமியோட வர்றவரை உட்டுட்டு போலாமா?" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். எப்படிப் போவது? உட்கார்ந்தேன். அவர் ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், பெருமாளோடு வருகிறவருக்காக. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. "போன் போடுங்க" என்றார். வண்டியில் பெருமாள் இருக்கும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்றேன். அதையும் நம்பினார்.

பால் லாரி போயிற்று. காளஹஸ்தி பஸ் போயிற்று. நானும் ரங்கையாவும் ரேணிகுண்டா பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தபோது அவர் "அதோ" என்று எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நிஜமாகவே அடித்துக்கொண்டது. இதில் அளப்பு எதுவும் இல்லை. அது புல்லுக்கட்டு ஏற்றிவந்த யாரோ ஒருவர்.

பைகளைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை ரோட்டுக்குத் தள்ளினேன்.

"வெயில் ஏறுது ரங்கையா. அவரு வந்தா, நான் முன்னாடி போய்க்கினு இருக்கேன்னு சொல்லிடு."

"சொல்றேன் சார். ஆளு எப்பிடி இருப்பாரு?"

"சிவப்பா, ஒல்லியா, நெத்தியில நாமம். நெஞ்சுக்கு நேரா மயில்கழுத்து கலர்ல ஒரு பை இருக்கும். அதிகம் பேச மாட்டாரு. நீ எது சொன்னாலும் கொறச்சுச் சொல்லுவாரு."

"சரி சார். வர்ற வரைக்கும் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

அரை பர்லாங் போய் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, மேற்கே ரோட்டையே பார்த்து நின்றுகொண்டிருந்தார்.